முருங்கை: எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லையில் நிற்கும்வரை முருங்கையை யாரும் சட்டை செய்வதில்லை. அதே இலையைக் காயவைத்துப் பொடித்து டப்பாவில் அடைத்து விலை போட்டதும் சர்க்கரை, ரத்த சோகை, மூட்டுவலி என்று கேள்விகள் வரிசையாக வந்துவிடுகின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது தாவர வேதியியல் பக்கமிருந்து பார்த்து எழுதியது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

முருங்கை 300 நோய்களைத் தீர்க்கும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அப்படி எந்த மரமும் இல்லை.

அந்தப் பட்டியல் எப்படி நீண்டது என்பது வேறு விஷயம். சித்த மருத்துவம் முருங்கையை ஒரே மருந்தாகப் பார்ப்பதில்லை. இலைக்கு மந்தம், உடற்சூடு, கண்நோய் என்று ஒரு கணக்கு, பூவுக்கு வேறு, பிசினுக்கு வேறு, வேர்ப்பட்டைக்கு முற்றிலும் வேறு. ஆயுர்வேதமும் அப்படித்தான். அங்கே இதன் பெயர் சிக்ரு. சரகர், சுசுருதர் சம்ஹிதைகளிலேயே வருகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தயாரிப்பு, தனி அளவு. இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, சோதனைக்கூடத்தில் எலிக்கும் செல்லுக்கும் செய்த ஆய்வுகளையும் மேலே கொட்டினால் 300 என்ன, 500கூட வரும். அப்புறம் அத்தனையும் ஒரு டீஸ்பூன் இலைப்பொடியில் இருப்பதாக விளம்பரம் சொல்லும். கோளாறு அங்கேதான்.

முருங்கைக்குச் சொந்தக்காரச் செடிகள் எவை?

முருங்கைக் குடும்பத்தில் ஒரே ஒரு பேரினம்தான். அதில் 13 இனங்கள். நம் வீட்டு முருங்கை அதில் ஒன்று. அதன் பூர்வீகம் வடமேற்கு இந்தியாவின் இமயமலை அடிவாரம். எத்தியோப்பியாவில் கீரைக்காக வளர்ப்பது இன்னொரு இனம். பண்டைய எகிப்தியர் எண்ணெய் எடுத்தது செங்கடலோரத்தில் வளரும் மற்றொன்றில்.

காயைப் பார்த்து அவரை, துவரை வகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் இருக்கும் வரிசையில்தான் முருங்கையும் வருகிறது. அதற்குள்ளும் மிக நெருங்கிய உறவு பப்பாளி. பப்பாளி விதை ஒன்றைக் கடித்துப் பாருங்கள், கடுகு மாதிரி ஒரு காரம் நாக்கில் ஏறும். முருங்கை வேரைச் சுரண்டி மோந்தால் மூக்கில் ஏறுவதும் அதே பொருள்தான்: பென்சைல் ஐசோதயோசயனேட். காலனிக் காலத்தில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் தங்கள் ஊரின் காரமான ஹார்ஸ்ராடிஷ் கிழங்குக்குப் பதிலாக இந்த வேரைத் துருவித் தொட்டுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் முருங்கைக்கு 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்று ஒரு பெயர் நிலைத்தது அப்படித்தான். அந்தப் பழக்கத்தை இன்று யாரும் பின்பற்ற வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

அந்தக் காரம் எங்கிருந்து வருகிறது? முருங்கையின் மருத்துவ குணத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முருங்கை வேதியியலில் சுவையான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கொழுந்து இலையை முழுசாக நாக்கில் வையுங்கள். பச்சை வாசனை தவிர ஒன்றும் தெரியாது. இப்போது அதையே கடைவாயில் போட்டு நன்றாக மெல்லுங்கள். முதலில் புல் ருசி, பிறகு லேசான இனிப்பு, சில நொடிகளில் நாக்கின் ஓரம் சுரீரென்று முள்ளங்கிக் காரம். இலைக்குள் அந்தக் காரம் முன்னமே தயாராக இல்லை. நீங்கள் மென்றபோதுதான் உருவானது.

இலைச் செல்லுக்குள் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஓரிடத்தில் இருக்கிறது. அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்தில் இருக்கிறது. புழு கடித்தாலோ நாம் மென்றாலோ செல் கிழிந்து இரண்டும் சந்திக்கின்றன. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் ஆரத்தித் தட்டு சிவப்பதுபோல, அதுவரை இல்லாத மூன்றாவது பொருள் பிறக்கிறது. அதுதான் ஐசோதயோசயனேட். மரத்துக்கு அது பூச்சி விரட்டி.

கடுகுக் குடும்பம் முழுக்க இந்த ஏற்பாடு உண்டு. முருங்கையில் தனித்துவம் என்னவென்றால், அதன் முக்கியக் குளுக்கோசினோலேட்டான குளுக்கோமொரிஞ்சினில் ராம்னோஸ் என்ற சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அது உடைந்து வரும் மொரிஞ்சின் கடுகு எண்ணெயின் காரம்போலக் காற்றில் பறந்துவிடாது. சாதாரண வெப்பத்தில் திடப்பொருளாகவே நிற்கும். ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் இவ்வளவு ஆர்வம் அதனால்தான். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இது செறிந்த சாற்றைக் கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற எலிகளுக்குக் கொடுத்தபோது, எடை ஏறுவதும் சர்க்கரை ஏறுவதும் குறைந்தன. எலிகளுக்கு.

குளுக்கோமொரிஞ்சின் அதிகம் இருப்பது விதையில். அடுத்தது இலை. வேரில் பெரும்பங்கு வேறொரு குளுக்கோசினோலேட். அது உடைந்துதான் முன்னே சொன்ன பப்பாளி விதைக் காரம் வருகிறது.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. முருங்கை வேரில் கிருமி கொல்லும் பொருள் ஒன்றைக் கண்டதாக 1946இல் இந்திய ஆய்வாளர்கள் அறிவித்து அதற்கு டெரிகோஸ்பெர்மின் என்று பெயரிட்டார்கள். பல பத்தாண்டுகள் பாடநூல்களில் அந்தப் பெயர் ஓடியது. 1981இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தேடியபோது அது கிடைக்கவில்லை; கிடைத்தவை இந்த ஐசோதயோசயனேட்டுகள்தான். இன்றும் பல பொடி டப்பாக்களின் பின்பக்கம் டெரிகோஸ்பெர்மின் இருப்பதாக அச்சிடுகிறார்கள். அப்படி அச்சிட்டிருப்பதைக் கண்டால், அந்த வாசகம் எங்கிருந்தோ நகலெடுத்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் சமைத்தால் எல்லாம் போய்விடுமா?

நொதி சூட்டில் செயலிழந்துவிடும். கீரையைக் கொதிக்கும் பருப்பில் போட்டால் காரம் பிறக்க வாய்ப்பே இல்லை. பொரியலில் அந்தச் சுரீர் இல்லாததும் அதனால்தான். ஆனால் குளுக்கோசினோலேட்டில் ஒரு பகுதி தப்பித்து குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதில் கொஞ்சத்தை மாற்றுகின்றன. வைட்டமின் சி-யில் கணிசமாக இழப்பு உண்டு. பீட்டா கரோட்டின், கால்சியம், இரும்பு பெரும்பாலும் தங்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசமாகவோ சூப்பாகவோ குடித்துவிட்டால் கரைந்து போவதும் திரும்பக் கிடைக்கும்.

இதற்காகப் பச்சை இலையை அரைத்துக் குடிக்கக் கிளம்ப வேண்டாம். நம் ஊர் சமையலே போதும்: கடைசியில் போட்டு, நிறம் மாறுமுன் இறக்குவது. யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்பில் இறக்கப்போகும் நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கையிலை போடுவார்கள். அந்தச் சூட்டில் வாடினால் போதும்.

ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி, பாலைவிட 17 மடங்கு கால்சியம் என்பதெல்லாம்?

எண்கள் காற்றில் பிறந்தவை அல்ல. ஒப்பிட்ட விதம்தான் தப்பு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் முருங்கைக்கீரைக்கு 220 மில்லிகிராம் வைட்டமின் சி என்றும், ஆரஞ்சுக்கு 30 என்றும் இருக்கும். அங்கே பிறந்தது அந்த 7 மடங்கு. அதே நிறுவனம் 2017இல் புதிதாக அளந்து வெளியிட்ட அட்டவணையில் கீரைக்குச் சுமார் 108தான். அதுவும் பச்சைக் கீரைக்கு. காயவைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் விளம்பரம் விற்பதோ பொடியை.

கால்சியத்தில் தந்திரம் வேறு. பச்சைக் கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 314 மில்லிகிராம், பாலில் சுமார் 120. அப்படி ஒப்பிட்டால் இரண்டரை மடங்குதான். கீரையின் தண்ணீரை வற்றவைத்துப் பொடியாக்கி, அந்தப் பொடியை 87 சதவீதம் தண்ணீர் இருக்கும் பாலோடு எடைக்கு எடை வைத்தால் மடங்கு எகிறிவிடும். யார் 100 கிராம் பொடி சாப்பிடுகிறார்கள்? கீரையில் முக்கால் பங்கு தண்ணீர். நாலு கிலோ கீரை காய்ந்தால் ஒரு கிலோ பொடி. ஒரு டீஸ்பூன், அதாவது மூன்று கிராம் பொடி என்பது 12 கிராம் பச்சைக் கீரை. ஒரு கைப்பிடிகூட இல்லை. ஒரு டம்ளர் பாலோடு போட்டி போடும் அளவு அதில் கால்சியம் கிடையாது.

உண்மையில் முருங்கைக்கீரை கெட்டியாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: பீட்டா கரோட்டின். 100 கிராமுக்குச் சுமார் 17,500 மைக்ரோகிராம். ஐம்பது கிராம் கீரையைத் தேங்காய்த் துருவலும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு வதக்கிச் சாப்பிட்டால், அன்றைய வைட்டமின் ஏ தேவையில் பெரும்பகுதி முடிந்தது. கொழுப்பு இருந்தால்தான் கரோட்டின் உடம்பில் சேரும் என்பதால் தேங்காய் இங்கே வெறும் ருசிக்கு அல்ல. முருங்கையிலை கண்ணுக்கு நல்லது என்று பழைய மருத்துவம் சொன்னதும், வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்று இன்றைக்குச் சொல்வதும் பொருந்திப் போகின்றன.

ரத்த சோகைக்கு முருங்கைக்கீரை மட்டும் போதுமா?

போதாது. கணக்குப் பார்ப்போம். கீரையில் இரும்பு 100 கிராமுக்குச் சுமார் 4.5 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 50 கிராம் என்றால் இரண்டேகால். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெண்களுக்குப் பரிந்துரைத்தது நாளைக்கு 29 மில்லிகிராம். மேலும் கீரையின் இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும்; கீரையிலேயே உள்ள ஆக்சலேட், பைட்டேட் என்ற சேர்மங்கள் குறுக்கே நிற்கும்.

ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். கீரை கூடவே இருக்கட்டும். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு சேர்வது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். நம் வீடுகளில் பல பேருக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

சர்க்கரை நோய்க்கு?

இலையில் குவர்செட்டின், கேம்ப்ஃபெரால், குளோரோஜெனிக் அமிலம் போன்ற தாவரச் சேர்மங்கள் இருக்கின்றன. மாவுச்சத்து செரித்துச் சர்க்கரையாகும் வேகத்தை இவை தடுப்பதாகச் சோதனைக்குழாயிலும் விலங்குகளிலும் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களிடம் நடந்தவை சிறு சிறு ஆய்வுகள். சிலவற்றில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, சிலவற்றில் ஒன்றும் மாறவில்லை.

வெள்ளைச் சோற்றின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கீரைப் பொரியல் வைத்தால் சர்க்கரை இறங்கும்தான். அதில் சோறு குறைந்ததன் பங்கு எவ்வளவு, முருங்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவதைத்தான் செய்யக் கூடாது. மாத்திரையோடு செறிந்த சாறோ கேப்ஸ்யூலோ சேர்ப்பவர்கள் தாழ்சர்க்கரை வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தம்?

1990களில் கராச்சி ஆய்வாளர்கள் இலையிலிருந்து நியாசினின், நியாசிமிசின் போன்ற சேர்மங்களைப் பிரித்து, எலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது அழுத்தம் இறங்கியதைக் கண்டார்கள். ரத்தத்தில் நேரடியாக ஏற்றுவது வேறு, கூட்டு வைத்துச் சாப்பிடுவது வேறு. கீரையில் பொட்டாசியம் இருக்கிறது, அது பொதுவாக நல்லது. அதே கூட்டில் உப்பை அள்ளிப் போட்டால் கணக்கு சமன்.

பிரசவித்த தாய்க்குப் பால் ஊறுமா?

மற்றக் கேள்விகளைவிட இதற்குக் கொஞ்சம் நல்ல ஆதாரம் உண்டு. பிலிப்பைன்ஸில் முருங்கைக்கு மலுங்காய் என்று பெயர். அங்கே தாய்ப்பாலுக்கு இதுதான் முதல் கைமருந்து. 2000இல் அங்கே குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒரு சிறு ஆய்வு நடந்தது. யாருக்கு எது என்று தெரியாதபடி கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். முருங்கை சாப்பிட்டவர்களுக்குப் பால் அளவு கூடியிருந்தது. எந்தச் சேர்மம் இதைச் செய்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. பூண்டும் முருங்கைக்கீரையும் சுறாப் புட்டும் போட்டுப் பத்தியச் சாப்பாடு கொடுக்கும் பாட்டிமார் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை, காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் குழந்தை அடிக்கடி மார்பில் சப்பினால்தான் பால் ஊறும். அதற்குப் பதிலாகக் கீரை எதையும் செய்யாது.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

கீரையாக, காயாக, சமைத்துச் சாப்பிடலாம். வேர், பட்டை, அவற்றின் கஷாயம் கூடவே கூடாது. கருவைக் கலைக்க நாட்டு வைத்தியத்தில் கையாண்டவை அவை. செறிந்த சாறு, கேப்ஸ்யூல் வகைகளையும் அந்தப் பத்து மாதம் தள்ளி வையுங்கள்.

வேரும் பட்டையும் ஏன் ஆபத்து? மரம் ஒன்றுதானே?

மரம் ஒன்றுதான், சரக்கு வேறு. வேர்ப்பட்டையில் காரச் சேர்மங்களின் செறிவு அதிகம். தோலில் அரைத்துப் போட்டால் கொப்புளமே வரும். கூடவே ஆல்கலாய்டுகள் என்ற, உடம்பில் வலுவாக வேலை செய்யும் சேர்மங்களும் உண்டு. வீக்கத்துக்குப் பட்டையை அரைத்துக் கட்டும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. கடுகுப் பற்று போடுவதும் அதுவும் ஒரே தத்துவம்: தோலை எரியவைத்து அந்த இடத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது. சித்த மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது வேறு. வாட்ஸ்அப்பில் வந்த செய்முறையைப் பார்த்து வேரை இடித்துக் குடிப்பது விஷப்பரீட்சை.

ஆண்மைக்கு முருங்கைக்காய்...

வரும் என்று தெரியும் இந்தக் கேள்வி. எண்பதுகளில் வந்த ஒரு தமிழ்ப் படத்துக்குப் பிறகு முருங்கைக்காய் வாங்கப் போனாலே கடைக்காரர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பூவைப் பாலில் காய்ச்சுவதும் பிசினைப் பொடித்துச் சாப்பிடுவதும் பழைய மருத்துவத்தில் உள்ளவைதான். ஆனால் நவீன ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளோடு நிற்கின்றன. காயின் சதையில் இருப்பது நார்ச்சத்து, நல்ல அளவு வைட்டமின் சி, கொஞ்சம் தாது உப்புகள். சாம்பார் ருசிக்கும், அதற்கு மேல் சினிமா.

விதையால் தண்ணீர் சுத்தமாகுமா?

ஆகும். இது வெறும் நம்பிக்கை இல்லை. சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் முருங்கை விதையால் தெளியவைத்து வந்ததை, சாமியா அல் அஸாரியா ஜான் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பல ஆண்டுகள் அங்கேயே இருந்து ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். விதையில் நேர்மின்னேற்றம் கொண்ட சிறு புரதங்கள் இருக்கின்றன. சேற்றுத் துகளும் பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும். நம் ஊர் தேற்றாங்கொட்டையின் வேலைதான்.

முற்றிய விதையின் தோலை உரித்து, வெள்ளைப் பருப்பை நுணுக்கி, கொஞ்சம் தண்ணீரில் கலக்கித் துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் கலங்கல் நீரில் விட வேண்டும். லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மேல்நீர் தெளிந்துவிடும். கிருமிகளில் பெரும்பகுதி படிவோடு போகும், முழுவதும் போகாது. விதையின் சத்து நீரில் தங்குவதால் வைத்திருந்தால் மறுபடி கிருமி பெருகும். ஆகவே காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். உப்புநீரை நன்னீராக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

முருங்கைப் பொடி வாங்கலாமா, வீட்டிலேயே செய்யலாமா?

மரம் இருந்தால் வீட்டில் செய்யுங்கள். கிளையோடு ஒடித்த கீரையை ஒரு வேட்டித் துணியில் சுருட்டி இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் உதறினால் இலைகள் தாமாக உதிரும். உருவிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கழுவி, ஈரம் போக உலர்த்தி, நிழலில் மெல்லியதாகப் பரப்புங்கள். வெயிலில் போட்டால் கரோட்டின் அழியும். கையில் நொறுக்கினால் அப்பளம் நொறுங்கும் சத்தம் வர வேண்டும். நமத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

கடையில் வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். நல்ல பொடி பச்சையாக இருக்கும், மோந்தால் புல் வாசனையோடு லேசான கார நெடி இருக்கும். பழுப்பாக, வைக்கோல் வாசனையோடு இருந்தால் வெயிலில் காய்ந்தது அல்லது பழசு.

யாரெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள்: கீரையில் வைட்டமின் கே உண்டு, திடீரென்று கூட்டவும் குறைக்கவும் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள்: பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்க வேண்டும், பொடி வேண்டவே வேண்டாம். ஆக்சலேட் கல் வந்தவர்கள் தினமும் பொடி சாப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதோடு சேர்த்துப் பொடி குடிக்கக் கூடாது. சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரை பயமில்லாமல் சாப்பிடலாம்.

இரவில் கீரை சாப்பிடக் கூடாதா?

நார்ச்சத்து அதிகம், சிலருக்கு வயிறு உப்பும். அதைத் தாண்டி வேதியியல் காரணம் எதுவும் இல்லை.

எந்த ரகத்தில் சத்து அதிகம்?

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 காய்க்காக உருவான செடிமுருங்கை. யாழ்ப்பாணம், மூலனூர் வகைகளும் காய்க்காகத்தான் வளர்க்கிறார்கள். சத்து ரகத்தைவிட இலையின் வயது, மண், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து அதிகம் மாறும். கசப்பும் அப்படித்தான் மாறும். உங்கள் கொல்லை மரமே போதும். மழைக்காலத்தில் மட்டும் அடிமரத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பியிருக்கும்.

கல்யாண முருங்கை, தவசி முருங்கை எல்லாம் இதே மரமா?

பெயரில்தான் முருங்கை. கல்யாண முருங்கை என்கிற முள்முருங்கை அவரைக் குடும்பம். சிவப்புப் பூ பூக்கும், சளிக்கு அடை சுடுவது அந்த இலையில். அதன் ஆல்கலாய்டுகள் வேறு, குணமும் வேறு. தவசி முருங்கை ஆடாதோடை குடும்பத்துச் சிறு செடி. காட்டு முருங்கை என்ற பெயரில் இரண்டு உண்டு. ஒன்று நிஜமான முருங்கை இனம், பெரம்பலூர்ப் பக்கம் தானாக வளரும், இலை கசப்பு கூடுதல். இன்னொன்று எலும்பொட்டி என்ற அவரைக் குடும்பத்துச் செடி. நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது எந்த முருங்கை என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள்; முடிந்தால் இலையையும் காட்டி வாங்குங்கள்.